ஒரு பூனைக்கு இரண்டு வீட்டு வைத்தியம்

முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் வந்தபோது அதை வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் மாதம். பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மேல் நேராக மொட்டை மாடிதான். பகல் முழுவதும் கூரை சுடும். வேர்க்குரு வருவது நியாயம். ஆனால் எந்த வேர்க்குருவும் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வராது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டிக் காட்டினேன். கடைக்காரர் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு ட்யூபை எடுத்துப் போட்டார்.

"எல்லாத்துக்கும் கேக்கும் சார். ஒரு வாரம் போடுங்க."

நான்கே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு வெளுத்தது. ட்யூபை மூடி வைத்துவிட்டேன். பத்தாம் நாள் அந்த ஒரு வட்டம் மூன்றாகியிருந்தது. ஒன்று வயிற்றில், இடுப்புப் பட்டைக்கு மேலே.

என் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ட்யூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்குங்க. அரிப்பை அமுக்கிடும். ஆனா உள்ள பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்க்கும். கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்ல?"

தோல் டாக்டரிடம் போனோம். அவர் வட்டத்தின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "படர்தாமரை. வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. ஜனவரியில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்த பூனை. சாம்பல் நிறத்தில் வரி போட்டது, ஏறக்குறைய ஒரு வயது. வீட்டு ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று இருந்தது. நாங்கள் அதை வளர்க்கவில்லை, அது வருகிறது, நாங்கள் பால் வைக்கிறோம், அவ்வளவுதான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். மார்ச்சில் அது என் மடியில் தூங்க ஆரம்பித்திருந்தது. காது ஓரத்தில் இரண்டு இடத்தில் முடி கொட்டியிருந்ததைப் பார்த்தேன்தான். வேறு பூனையோடு சண்டை போட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிரேசர் டவுனில் ஒரு கால்நடை மருத்துவரை என் மனைவியோடு வேலை செய்பவர் சொல்லியிருந்தார். தமிழ் பேசுகிற அம்மா, நிதானமாகப் பார்ப்பார் என்று. சனிக்கிழமை காலை துணிக்கூடையில் பூனையைப் போட்டு, மேலே துப்பட்டாவைக் கட்டி, ஆட்டோவில் போனோம். போகிற வழியெல்லாம் அது கத்திய கத்தலில் ஆட்டோக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வரும் ஒரு சின்ன விளக்கைப் பூனையின் காதருகே கொண்டுபோனார். அந்த முடிகள் பச்சையாக மின்னின. பச்சை மாங்காய்த் தோல் வெயிலில் மினுங்குகிற மாதிரி ஒரு பச்சை. காதில் மட்டுமில்லை. முன்னங்காலில், தாடையில், வாலடியில். நான் தினமும் தடவிக்கொடுத்த இடங்கள்.

விளக்கைப் போட்டு, புது டூத்பிரஷ் ஒன்றால் பூனையின் உடம்பு முழுக்க வாரினார். அதைக் கல்ச்சருக்கு, அதாவது லேபில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க, அனுப்ப வேண்டும், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்.

"அவ்வளவு நாளா?" என்றேன்.

"பூஞ்சை எல்லாத்துலயும் மெதுவு சார். வளர்றதும் மெதுவு, சாகறதும் மெதுவு. பாக்டீரியான்னா அஞ்சு நாள் ஆன்டிபயாடிக்ல முடிச்சிடலாம். ஏன்னா அதோட உடம்பு வேற, நம்ம உடம்பு வேற. அதை மட்டும் அடிக்க நிறைய இடம் இருக்கு. பூஞ்சை அப்படியில்ல. அதோட செல்லும் நம்ம செல்லும் பங்காளிங்க மாதிரி. ஒரே வீட்டுச் சுவர், ஒரே கிணறு. அதை அடிச்சா இங்கயும் கொஞ்சம் படும்."

மேசையிலிருந்த பேடில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. நம் சவ்வைக் கொலஸ்ட்ரால் தாங்குகிறது. பூஞ்சையின் சவ்வை அதே வகையைச் சேர்ந்த வேறொரு பொருள் தாங்குகிறது. அதற்கு எர்கோஸ்டிரால் என்று பெயர். அவர் கொடுக்கப்போகும் இட்ராகோனசோல் அந்தப் பொருளைச் செய்யவிடாமல் தடுக்கும். சவ்வு ஓட்டையாகும், பூஞ்சை வளர முடியாது. ஆனால் நம் கல்லீரலிலும் அதே மாதிரி வேலை செய்கிற நொதிகள் உண்டு, மருந்து அவற்றையும் தொடும். அதனால்தான் முதலில் பூனையின் ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்க்கிறேன் என்றார்.

"ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் லீவு. அப்படி மூணு தடவை. லீவுன்னா மருந்து போயிடாது, முடியிலயும் தோல்லயும் தங்கி வேலை செய்யும். அதனால லீவு வாரத்துல 'ஐயோ விட்டுட்டோமே'ன்னு குடுக்கக் கூடாது. முடி முளைச்சிடுச்சுன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது. சிரப்பு வெறும் வயித்துல. வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த ஷாம்பு. நுரை போட்டு பத்து நிமிஷம் அப்படியே வைக்கணும்."

"பூனையையா?" என்றாள் என் மனைவி.

"பூனையைத்தான்." டாக்டர் சிரிக்கவில்லை. "முக்கியமானது, ஒரு ரூம்ல அடைச்சு வையுங்க. கொட்டுற ஒவ்வொரு முடியிலயும் வித்து இருக்கு, மாசக்கணக்கா உயிரோட இருக்கும். இது வெளிய போகுமா?"

"போகாது டாக்டர்" என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பூனையை அவிழ்த்து விடுகிற பொறுப்பில்லாத ஆள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். அறையில் அடைத்துவிடலாம், இனிமேல் போகாது, ஆகவே அது பொய்யில்லை என்று அந்த நொடியில் கணக்குப் போட்டிருக்கலாம்.

அடைத்தோம். ஒன்றரை நாள். இரண்டாவது அறை என்று நாங்கள் சொல்லிக்கொள்வது ஒரு கட்டிலும் என் அலுவலக மேசையும் கொள்கிற இடம். வாரத்தில் மூன்று நாள் நான் அங்கிருந்துதான் வேலை பார்ப்பேன். மீட்டிங்கில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது பூனை கதவைப் பிறாண்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தது. "இஸ் தட் எ பேபி?" என்று ஒருவர் கேட்டார். அன்று மத்தியானம் கதவைத் திறந்தேன். அது நேராகச் சமையலறை ஜன்னலில் ஏறி, சன்ஷேடில் குதித்து, படிப்படியாகக் கீழே இறங்கிப் போய்விட்டது. மருந்து உள்ளே போனால் போதாதா, கொஞ்ச நேரம் காற்று வாங்கட்டும் என்று விட்டேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

மருந்து உள்ளே போவதே பெரிய பாடு. என் மனைவி துண்டால் பூனையைச் சுற்றிப் பிடிப்பாள். நான் சிரிஞ்சை வாயோரம் நுழைத்து அழுத்துவேன். கசப்பு பட்டதும் அது சோப்புத்தண்ணீர் குடித்ததுபோல் நுரை தள்ளும். பாதி உள்ளே, பாதி என் பனியனில். துப்பியதற்கு ஈடாக இன்னொரு முறை கொடுக்கலாமா கூடாதா என்று இருவரும் சண்டை போடுவோம். ஷாம்பு நாட்கள் அதைவிட மோசம். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்பது நுரை பூசிய பூனையைக் குளியலறையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் தெரியும். போனில் டைமர் வைத்துவிட்டுப் பார்ப்பேன், இரண்டு நிமிஷம்தான் ஓடியிருக்கும்.

வீடும் மாறிப்போனது. தலையணை உறை தினமும் வெந்நீரில். திரைச்சீலைகள் கழற்றப்பட்டன. சோபா விரிப்பு தூக்கிப் போடப்பட்டது. என் மனைவி லேபில் செய்கிற மாதிரியே அளந்து ப்ளீச் கலந்து தரை துடைத்தாள். வீடு நீச்சல்குளம்போல் நாறியது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. பூனையே கூடாது என்கிற வீட்டுக்காரரிடம் பூனைக்கு ஒட்டுகிற நோய் என்று எப்படிச் சொல்வது? முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டாவது மருந்து வாரத்தின் நடுவில் பூனை சாப்பாட்டை நிறுத்தியது. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் போய் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது, குடிக்கவில்லை. வெளியே போகவும் இல்லை. மூன்றாம் நாள் காலை என் மனைவி அதன் காதை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மஞ்சளா இருக்குங்க."

மறுபடியும் கூடை, துப்பட்டா, ஆட்டோ. இந்தமுறை பூனை கத்தவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்தார். கல்லீரல் எண்கள் எல்லாம் ஏறியிருந்தன. மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். ஆனால் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மருந்துல கல்லீரல் பாதிக்கிறது உண்டு. ஆனா இந்த டோஸ்ல, இவ்வளவு சீக்கிரம், இந்த அளவுக்கு... எனக்கு ஒத்துவரல. வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வெளிய எங்கயாவது எதையாவது தின்னிருக்குமா?"

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொல்லிவிட்டாள். "தினமும் வெளிய போகுது டாக்டர். அன்னைக்கு இவரு பொய் சொன்னாரு."

டாக்டர் பேனாவை மூடினார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "சார், பூனை வந்து எங்கிட்ட பேசாது. நீங்க சொல்றதுதான் எனக்குக் கேஸ்" என்றார். அவ்வளவுதான். பூனைக்கு ட்ரிப் ஏற்ற வேண்டும், சாயங்காலம் வரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்து படியேறும்போது தரைத்தளத்து அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் இருப்பவர். அல்சூர் பக்கத்துக்காரர், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், தனியாக இருக்கிறார். எங்களுக்குள் அதுவரை தண்ணீர் மோட்டார் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"சார், அந்தப் பூனை மூணு நாளா வரல. நீங்க பாத்தீங்களா?"

"எந்தப் பூனை?" என்றேன், முட்டாள்தனமாக.

"அதான், மேல உங்க வீட்டாண்ட திரியும்ல. மத்தியானம் நம்ம மனைக்கு வந்துடும். தெனம் மத்தி மீன் வேக வெச்சு எடுத்து வைப்பேன். பாவம், காதெல்லாம் முடி கொட்டி, அரிச்சுக்கினே இருக்குது. யாரும் பாக்கற மாதிரி இல்ல. அதான் நானே மாத்திரை குடுத்துக்கினு இருந்தேன்."

என் மனைவி இரண்டு படி கீழே இறங்கினாள்.

"என்ன மாத்திரைக்கா?"

அவர் உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். அவருடைய தம்பி வீட்டு நாய்க்குத் தோலில் பூஞ்சை வந்தபோது எழுதிக்கொடுத்ததாம், நாய் தேறியபின் மிச்சம் இருந்ததாம். கீடோகோனசோல். "நாயி பெருசு, பூனை சின்னதாச்சேன்னு கால் மாத்திரைதான் குடுத்தேன் சார். மீனுக்குள்ள வெச்சா சொகுசா தின்னுடும். பத்து நாளா ஒரு நாள்கூட தப்பல."

நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து துண்டு சுற்றி, பனியன் நனைந்து, அரை சிரிஞ்சு மருந்து இறக்கப் பட்ட பாட்டை நினைத்தேன். வெறும் வயிற்றில் எங்கள் மருந்தை வாங்கிக்கொண்டு, பசியோடு இறங்கிப்போய், அது இவர் வீட்டில் மீனோடு இன்னொரு மருந்தைத் தின்றிருக்கிறது. ஒரு நாள் தப்பாமல்.

"பூனைக்கு நாய் மாத்திரையை யாராவது குடுப்பாங்களாக்கா? டாக்டரைக் கேக்க வேணாமா? அது கல்லீரல் போயி அங்க ட்ரிப் ஏத்திக்கிட்டுப் படுத்துக் கிடக்குது" என்றேன். குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

அவர் முகம் மாறியது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க டாக்டராண்ட காட்டறீங்கன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? யாராண்டயாவது சொன்னீங்களா?"

என் மனைவி அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு விலகிய இடத்தில், காதுக்குக் கீழே, சிவப்பாக ஒரு வட்டம்.

"இது எத்தனை நாளாக்கா இருக்கு?"

"ஒரு மாசமாவுது மேடம். முனைக்கடைல ஆயின்மென்ட் குடுத்தாரு. போட்டா போவுது, திரும்ப வருது." ட்யூபையும் கொண்டுவந்து காட்டினார். நான் வாங்கிய அதே ட்யூப். எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்து.

நாங்கள் முழுக்கைச் சட்டையும் ப்ளீச்சுமாக மறைத்த ஒரு மாதத்தில் இந்த அம்மா தனியாகச் சொறிந்துகொண்டு, யாருமில்லாத பூனை என்று நினைத்து வைத்தியமும் பார்த்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் போகவில்லை, ஆனால் அதை வைக்க இடமில்லாமல் போனது. என் மனைவி அவரை அன்றே தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

சாயங்காலம் மாத்திரை அட்டையைப் பூனை டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"ஒரே குடும்பத்து மருந்து ரெண்டு. ரெண்டும் போயி ஒரே கல்லீரலைப் புடிச்சிருக்கு. இதுலயும் கீடோகோனசோல் பூனைக்கு ஆகவே ஆகாது. நாய்க்கே யோசிச்சுதான் குடுப்போம்." பெருமூச்சு விட்டார். "காரணம் தெரிஞ்சது நல்லதுதான். இப்ப பெரிய ஆபத்து பூஞ்சை இல்ல. பூனை சாப்பிடாம இருக்கக் கூடாது. நாலஞ்சு நாள் பட்டினி கிடந்தா அதுவே கல்லீரலைக் கெடுத்துடும். எப்படியாவது சாப்பிட வையுங்க."

எப்படியாவது என்றால் எப்படி? சிரிஞ்சில் கஞ்சிபோல் கரைத்த உணவை ஊட்டினோம். என்னைப் பார்த்தாலே பூனை கட்டிலுக்கடியில் போனது. நான் என்றால் சிரிஞ்சு, சிரிஞ்சு என்றால் கசப்பு. மீன் வேகவைத்து வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் என் மனைவி கீழே போய் அக்காவை அழைத்து வந்தாள். அவர் வேலைவிட்டு வந்த சீருடையோடு, டாக்டர் சொன்னபடி கையுறை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். அவர் வைத்திருந்த பெயரால் அதைக் கூப்பிட்டார். நாங்கள் வைத்த பெயர் வேறு. விரல் நுனியில் மீன் துணுக்கை நீட்டினார். கட்டிலுக்கடியிலிருந்து கழுத்து மட்டும் நீண்டது. நக்கியது. தின்றது.

"பாத்தியா, தின்னா உஷாராயிடுவே" என்றார் பூனையிடம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் வருவார். நான்கு மாதம் முன்பு நானே கண்டெடுத்ததாக நினைத்த பூனை, என் கையால் ஒரு பருக்கை தின்ன மறுத்து, அவர் வரும் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் திருப்பியது. சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்தோம். இந்தமுறை நிஜமாகவே அடைத்தோம். மீட்டிங்கில் யார் என்ன கேட்டாலும் பூனை என்றே சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் பேசியதும் அக்காதான். பதினான்கு வருஷப் பழக்கத்தில், கன்னடத்தில், வாசலில் நிற்கவைத்தே எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் மேலே வந்து, வலையைப் பார்த்து, ப்ளீச் வாடைக்கு மூக்கைச் சுளித்து, "குணமாக்குங்க முதல்ல" என்றார். இதற்குப் பயந்துதான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அலுத்துவிட்டது.

மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கியது. கல்லீரல் சரியாகும்வரை வாய்வழி மருந்து இல்லை, ஷாம்பு மட்டும். பிறகு டாக்டர் வேறு வகை மருந்து, டெர்பினாஃபைன், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். மாத்திரையை யார் கொடுப்பது, எத்தனை மணிக்கு என்று ஒரு தாள் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாள் என் மனைவி. கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாமல் யாரும் எதையும் பூனையின் வாயில் வைக்கக் கூடாது.

ஜூலைக்குள் காதில் முடி முளைத்துவிட்டது. அக்கா சொன்னார்: "ஆயித்தே மேடம், சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" முடி முளைப்பது பூஞ்சை போனதற்கு அடையாளம் இல்லை என்று என் மனைவி விளக்கினாள். மறுவாரமும் கேட்டார். மறுவாரமும் விளக்கினாள். மூன்றாம் வாரம் நானே கேட்டேன், அதே கேள்வியை. என் மனைவி டூத்பிரஷை எடுத்துவந்து பூனையை வாரினாள். அந்தக் கல்ச்சர் முடிவு வந்தது: இன்னும் இருக்கிறது.

ஆகஸ்டில் எடுத்த கல்ச்சரில் முதல் தடவையாக ஒன்றும் வளரவில்லை. இன்னொரு தடவையும் அப்படியே வந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு என்றார் டாக்டர். அதற்கும் காத்திருந்தோம். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, நான் அலுவலக பஸ்ஸில் பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது. "க்ளீன் சார். நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது அலுப்புதான், ஐந்து மாத அலுப்பு மொத்தமாக. அக்காவின் கழுத்தும் என் வயிறும் அதற்கு முன்பே ஆறியிருந்தன, எங்கள் இருவருக்கும் கருப்பாக ஒரு வட்டத் தழும்பு மட்டும் மிச்சம்.

அன்று சாயங்காலம் மூன்று பேருமாக நின்று வலையைக் கழற்றினோம், அறைக் கதவை விரியத் திறந்து வைத்தோம். அக்கா கீழே மீன் வேகவைத்துவிட்டு வந்திருந்தார். பூனை என் மேசை மேல் லேப்டாப் பக்கத்தில் படுத்தபடி எங்களைப் பார்த்தது. கூப்பிட்டோம், அவர் பெயரிலும், எங்கள் பெயரிலும். அது வாலைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. மூன்று நாள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.